ஏழாம் நம்பர் தெர்மாமீட்டர்

கல்லூரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஐஸ் அக்கா என்றால்தான் தெரியும். வேதியியல் செய்முறை வகுப்பு இருக்கும் நாட்களில், மரத்தூள் ஒட்டிய சாக்கில் ஒரு பனிக்கட்டிப் பாளத்தைச் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, காலை எட்டு மணிக்கே கேட்டைத் தாண்டி வருவாள். புடவையின் ஒரு பக்கம் நனைந்து சொட்டும். கேட்டில் இருக்கும் காவலாளி, "இன்னைக்கு யாருக்குக்கா காய்ச்சல்?" என்பார். "உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் போய்க்கொண்டே இருப்பாள். இருபத்திரண்டு வருஷமாக அதே கேள்வி, அதே பதில். இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை என்றால் நம்ப முடியாது. ஆனாலும் இரண்டு பேரும் விடவில்லை.

ஆய்வக உதவியாளர் என்றால் குடுவை கழுவுவதும், பர்னர் பற்றவைப்பதும், சிந்தியதைத் துடைப்பதும்தான் வேலை என்று வெளியே நினைப்பார்கள். அதெல்லாம் உண்டு. ஆனால் ஐஸ் அக்காவின் உண்மையான வேலை ஒரு மர அலமாரிக்குள் இருந்தது. அங்கே பஞ்சு விரித்த தட்டில் முப்பத்தாறு தெர்மாமீட்டர்கள் படுத்துக் கிடந்தன. அவற்றில் பதினொன்றுதான் யோக்கியமானவை. மீதி இருபத்தைந்தும் வாயைத் திறந்தால் பொய்.

எந்தப் புண்ணியவான் வாங்கிப் போட்டானோ தெரியாது. உருகுகிற பனிக்கட்டியில் வைத்தால் எல்லாம் பூஜ்ஜியம் காட்ட வேண்டும், கொதிக்கிற தண்ணீரில் வைத்தால் நூறு. இவற்றில் ஒன்று பனிக்கட்டியிலேயே இரண்டு டிகிரி காட்டும். இன்னொன்று பூஜ்ஜியத்துக்குக் கீழே மூன்றரையில் போய் உட்காரும். வேறொன்று பனிக்கட்டியில் உத்தமனாக இருந்துவிட்டுக் கொதிநீரில் நூற்று நான்கு என்று அளக்கும். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வந்த சரக்கு அது. அப்போது அவளுக்கு முப்பது வயது. ஐந்து வயது மகளோடு அவளை விட்டுவிட்டு வெளியூருக்கு வேலை தேடிப் போன கணவன் திரும்பவில்லை, கடிதமும் போடவில்லை. தற்காலிக வேலைதான் கிடைத்தது. ஒவ்வொரு வருஷமும் ஐந்து தற்காலிகப் பணியாளர்களில் இரண்டு மூன்று பேரைக் கழித்துக்கட்டுவார்கள்.

அவள் என்ன செய்தாள் என்றால், மகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து ஒவ்வொரு தெர்மாமீட்டரின் தலையிலும் நம்பர் போட்டாள். பனிக்கட்டியில் ஒரு தடவை, கொதிநீரில் ஒரு தடவை வைத்து, எது எவ்வளவு பொய் சொல்கிறது என்று மனப்பாடம் செய்துகொண்டாள். உருகுநிலை, கொதிநிலை பார்க்கிற சோதனைகளுக்கு அந்தப் பதினொன்றைத்தான் கொடுப்பாள். உப்பைத் தண்ணீரில் கரைத்தால் எவ்வளவு சூடு குறைகிறது என்று பார்க்கிற சோதனைக்கு மற்றவற்றில் தேறுவதைக் கொடுப்பாள். மூன்று டிகிரி குறைத்துக் காட்டுகிற மீட்டர், முன்னாலும் மூன்று குறைக்கும், பின்னாலும் மூன்று குறைக்கும். கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாகிவிடும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தானாகக் கண்டுபிடித்தாள்.

முதலில் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித்தான் வைத்தாள். அந்த வருஷம் பௌதிக ஆய்வகத்தில் இருந்த ஒரு பெண், புதிதாக வந்தவளுக்கு எல்லாச் சூட்சுமத்தையும் கற்றுக்கொடுத்தாள். அடுத்த மாதமே, "அதான் இவளுக்கு எல்லாம் தெரியுதே" என்று புதியவளைக் காட்டிச் சொல்லி, கற்றுக்கொடுத்தவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே ஐஸ் அக்கா தன் தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டாள். தலைக்குள் இருப்பதை யாரும் பிடுங்க முடியாது. மூன்றாம் வருஷம் வேலை நிரந்தரமானது. "அந்தம்மா கைபட்டா ரிசல்ட் சரியா வரும்" என்று துறையில் பேச்சு வந்தது. அவள் தெர்மாமீட்டரைப் பிரித்துக் கொடுக்கிறாள் என்பது மட்டும் தெரியும், எது எவ்வளவு தப்பு என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆப்பசைத்த குரங்கின் கதைதான். தப்பிக்கச் செய்த வேலையே வாலைப் பிடித்துக்கொண்டது.

மகள் வளர்ந்து, படித்து, கல்யாணமாகி, ரயிலில் பதினொரு மணி நேரம் போகிற தூரத்தில் குடியேறினாள். இரண்டு தடவை கரு நிற்கவில்லை. இரண்டு தடவையும் ஐஸ் அக்கா பத்து நாள் விடுப்பில் போய்ப் பார்த்துவிட்டு, மகளை அழுத கண்ணோடு விட்டுவிட்டுத் திரும்பிவந்தாள். இப்போது மூன்றாவது. நாலாம் மாதம் நடக்கிறது. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருமகனுக்கு ஷிப்டு வேலை. தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட வீட்டில் ஆள் கிடையாது. அந்த ஊர்க் கல்லூரியில் இவளுடைய பதவிக்கு ஓர் இடம் காலியாக இருந்தது. இடமாற்ற விண்ணப்பத்தில் துறைத்தலைவர் 'தடையில்லை' என்று கையெழுத்துப் போட்டால் போதும். வேலையை உதறிவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஓய்வூதியம் கிடைக்க இன்னும் ஆறு வருஷம் பாக்கி.

துறைத்தலைவரை மாணவர்கள் 'பார்க்கலாம் சார்' என்பார்கள். எதைக் கேட்டாலும் அவர் வாயில் அந்த ஒரு சொல்தான். கெட்ட மனிதர் இல்லை. யாருக்கும் இல்லை என்று சொல்ல மனம் வராதவர். அப்படிப்பட்டவர்களிடம் மாட்டிக்கொண்டால் கரையேறுவது கஷ்டம். முதல் தடவை மகளுக்குக் கரு கலைந்ததிலிருந்து மூன்று வருஷமாக ஐஸ் அக்கா கொடுத்த விண்ணப்பங்கள் அவர் மேஜையில் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன.

இந்த வருஷம் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளும் செய்முறைத் தேர்வும் ஒரே நாளில் வந்தன. மாலை ஐந்து மணிக்குள் இயக்குநர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். முந்தின நாள் மத்தியானம் அவள் படிவத்தோடு போய் நின்றாள்.

"சார், இதுல ஒரு கையெழுத்து."

"பார்க்கலாம்மா. தேர்வு முடியட்டும்."

"நாளைக்குத்தான் சார் கடைசி நாள். பொண்ணு படுத்த படுக்கையா இருக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தார். "எனக்குப் புரியாம இல்ல. ஆனா நீங்க போயிட்டா தெர்மாமீட்டர யாரு எடுத்துக் குடுப்பா? இந்தத் துறையே உங்க தலைமேல நிக்குதும்மா."

அவள் வெளியே வந்தாள். தலைமேல் துறையைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைபேசியில் மகளைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா சொன்னார்?"

"பார்க்கலாம்னார்."

மகள் சிரிக்க முயன்றாள். "உன் அந்துருண்டை மாதிரியே ஆயிட்டேம்மா நீ. எண்பதுலயே நிக்கிற."

அது அவர்கள் வீட்டு நகைச்சுவை. நாப்தலீன் என்கிற அந்துருண்டையை உருக்கி ஆறவிட்டு, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறிப்பது ஒரு சோதனை. தொண்ணூறு, எண்பத்தாறு, எண்பத்திரண்டு என்று மளமளவென்று இறங்கும். எண்பதில் வந்து நின்றுவிடும். சூடு வெளியே போய்க்கொண்டேதான் இருக்கும், ஆனால் பாதரசம் அசையாது. உருகும்போது விழுங்கி வைத்திருந்த சூட்டை எல்லாம் உறையும்போது கக்குகிறது, அதனால்தான். கடைசித் துளி உறைகிற வரைக்கும் எண்பதேதான். மகள் பள்ளிக்கூடம் போன நாளில் ஐஸ் அக்கா இதை அடுக்களையில் சொல்லிக்கொடுத்தாள். இப்போது மகள் அதைத் திருப்பிச் சொல்கிறபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஆய்வகத்தின் மேல் வந்த முதல் கோபம்.

மறுநாள் காலை அவள் தெர்மாமீட்டர்களைப் பிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து, கைக்கு வந்ததை அள்ளி, இருபத்துநாலு மாணவர்களுக்கும் வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். நம்பரைப் பார்க்கக்கூட இல்லை. நாளைக்கு நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று தோன்றவில்லை. கோபக்காரருக்கு யோசனை பின்னால்தான் வந்து சேரும்.

குலுக்கலில் பன்னிரண்டு பேருக்கு நாப்தலீன் சோதனை விழுந்தது. பர்னர்கள் எரிந்தன, ஆய்வகம் முழுக்கத் துணிப்பெட்டி வாசனை. வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மூக்கைக் கைக்குட்டையால் மூடியபடி நடந்தார். ஐஸ் அக்கா துடைக்கிற துணியோடு மேஜை மேஜையாகப் போனாள். அள்ளி வைத்தபோது இல்லாத பயம் இப்போது வந்தது.

ஜன்னலோரப் பையனுக்குப் பதினாலாம் நம்பர் போயிருந்தது. அது நாலு டிகிரி கூடக் காட்டுகிற அழகி. பாதரசம் எண்பத்துநாலில் வந்து நின்றது. பையன் அதைப் பார்த்தான். குனிந்து, தாளில் எண்பது என்று எழுதினான். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

அடுத்த மேஜையில் ஒருத்தன் வரைபடத்தில் எண்பதுக்கு நேராக ஒரு கோட்டை அளவுகோல் வைத்துப் போட்டுவிட்டு, அதற்கேற்ற எண்களைப் பின்னாலிருந்து நிரப்பிக்கொண்டிருந்தான். அவனுடைய தெர்மாமீட்டர் சோதனைக்குழாய்க்குள்ளேயே இல்லை. மேஜைமேல் படுத்திருந்தது. அதற்கு அடுத்தவள், முன்னால் இருந்தவனின் தாளைப் பார்த்து எழுதினாள். எண்பது. எண்பது. எண்பது.

ஐஸ் அக்கா கழுவுதொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். முகம் கொதித்தது. இருபத்திரண்டு வருஷம். காய்ச்சலோடு ஐஸ் சுமந்து வந்த நாட்கள், மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போகாமல் உட்கார்ந்து பிரித்து வைத்த சாயங்காலங்கள். ஒருத்தனாவது தெர்மாமீட்டரைப் பார்த்திருந்தால் அதற்கெல்லாம் ஓர் அர்த்தம் இருந்திருக்கும். புத்தகத்தில் எண்பது என்று போட்டிருக்கிறது, இவர்கள் எண்பது என்று எழுதுகிறார்கள். இடையில் இவள் யார்? அவமானத்தில் அழுகை வந்தது. அழவில்லை, ஒரு குடுவையைக் கழுவினாள்.

அதைக் கவிழ்த்து வைக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. யாருக்கும் தேவையில்லை என்றால் நான் போகலாம்.

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மணி பன்னிரண்டரை. பார்க்கலாம் சாரைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், இன்னைக்கு நான் ஒண்ணையுமே பிரிச்சுக் குடுக்கல. எல்லாருக்கும் எண்பது வந்திருக்கு. நான் இல்லாமலே நடக்குது" என்று சொன்னால் தீர்ந்தது. அவருக்கு வேறு சாக்கு கிடையாது. தேர்வாளரிடம் வாயைத் திறக்கவும் மாட்டார். பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கால் லேசாக இருந்தது.

தேர்வாளரின் மேஜைக்குப் பக்கத்தில் துறைத்தலைவர் நின்றுகொண்டிருந்தார். எதிரே ஒரு மாணவி. கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயே திறக்காத பெண்.

"எழுபத்தாறரை" என்றார் தேர்வாளர், தாளைத் தட்டி. "உன் கூட இருக்கிற பதினொரு பேரும் எண்பதுன்னு எழுதியிருக்காங்க. உனக்கு மட்டும் எப்படிம்மா எழுபத்தாறரை?"

"எனக்கு அதுதான் சார் காட்டுச்சு."

"புத்தகத்துல எவ்வளவு?"

"எண்பது சார்."

"தெரிஞ்சும் இத எழுதியிருக்க. கவனமில்லாம செஞ்சிருக்கன்னு அர்த்தம். ரெண்டு டிகிரிக்கு மேல விலகினா ரிசல்டுக்கு மார்க் கிடையாது. மார்க் இல்லன்னா அடுத்த வருஷம்தான் மறுபடி எழுதணும்."

அந்தப் பெண் தலை நிமிரவில்லை. "பார்த்ததத்தான் சார் எழுதினேன்" என்று மறுபடியும் சொன்னாள்.

அவள் கையில் இருந்த தெர்மாமீட்டரின் தலையில் சிவப்பாக ஏழு.

ஐஸ் அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் பார்த்ததை எழுதிய ஒரே பிள்ளை இதுதானோ என்னவோ. ஏழாம் நம்பர் மூன்றரை குறைத்துக் காட்டும். எண்பதில் மூன்றரை போனால் எழுபத்தாறரை. அரை டிகிரிகூடத் தவறாமல் பார்த்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் இந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் போகும், தன் மகளிடம் போய்ச் சேரலாம். வாயைத் திறந்தால், இவள் இல்லாமல் இங்கே நடக்காது என்று ஆகிவிடும், தன் கதவைத் தானே சாத்திக்கொள்வாள். இரண்டு பெண்கள் அவள் முன்னால் நின்றார்கள். ஒருத்தி பதினொரு மணி நேரத் தூரத்தில் படுத்திருந்தாள். இன்னொருத்தியின் கையில், இவளே கோபத்தில் அள்ளிக் கொடுத்த தெர்மாமீட்டர் இருந்தது.

"சார்" என்றாள். "அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. ஏழாம் நம்பர் மூணரை டிகிரி குறைச்சுக் காட்டும். நான்தான் பாக்காம எடுத்துக் குடுத்துட்டேன்."

தேர்வாளர் நம்பவில்லை. பனிக்கட்டி கொண்டுவரச் சொன்னார். அவளே உடைத்துக் கொண்டுவந்தாள். ஏழாம் நம்பர் பூஜ்ஜியத்தைத் தாண்டி இறங்கி, கழித்தல் மூன்றரையில் நின்றது. கொதிநீரில் தொண்ணூற்றாறரை. தேர்வாளர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு இரண்டு தடவை பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணின் தாளில் எழுபத்தாறரையுடன் மூன்றரையைக் கூட்டி, அடியில் கையெழுத்துப் போட்டு, "போம்மா" என்றார்.

அந்தப் பெண் போகும்போது ஐஸ் அக்காவைப் பார்த்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் தெர்மாமீட்டரைத் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

"அப்ப மத்ததையும் பார்த்துடலாமா?" என்றார் தேர்வாளர்.

ஐஸ் அக்கா திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோரத்தில் பதினாலாம் நம்பர் இன்னும் கிடக்கிறது. பார்த்தால் பதினொரு பேரும் மாட்டுவார்கள். காப்பியடிக்கிற கழுதைகள்தான், ஆனாலும் அள்ளிப் போட்டது இவள்தானே. முப்பத்தாறு தெர்மாமீட்டர்களுக்கு நடுவில் இருந்தும் அவள் இதுவரை பொய் சொன்னதில்லை.

"மத்ததெல்லாம் சரிதான் சார். நான் பார்த்துட்டேன்."

"அவங்க சொன்னா சொன்னதுதான் சார்" என்றார் பார்க்கலாம் சார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆனைக்கும் அடி சறுக்கும். இருபத்திரண்டு வருஷத்துல இந்த ஒண்ணுதான்."

"ரொம்பப் பழசா இருக்கு. புதுசு வாங்கிடலாமே."

"இவங்க இருக்கறப்ப எதுக்கு சார் புதுசு?"

மூன்று மணிக்கு அவள் அவருடைய அறைக்குப் போனாள். உண்மையைச் சொன்னாள். ஏழு மட்டுமில்லை, எதையுமே பிரிக்கவில்லை, பிள்ளைகள் தெர்மாமீட்டரைப் பார்க்காமலே எழுதுகிறார்கள், என்னால் இங்கே ஒரு காரியமும் ஆகவில்லை சார் என்று சொன்னாள்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "போறதுக்காக என்னென்ன சொல்றீங்க பாருங்க. தேர்வாளர் முன்னாடி மத்ததெல்லாம் சரின்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? என் பசங்க பார்க்காம எழுதுவாங்களா?" படிவத்தை வாங்கினார். இந்தத் தடவை 'பார்க்கலாம்' என்று சொல்லவில்லை. 'தடையில்லை' என்று எழுத வேண்டிய கட்டத்துக்குள், நல்ல கையெழுத்தில் எழுதினார்: 'இவர் இத்துறைக்கு இன்றியமையாதவர். வெளித்தேர்வாளரும் இதை நேரில் கண்டார்.' எழுதிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த முகத்தோடு அவளிடம் நீட்டினார்.

ஐந்து மணி அடித்தபோது ஆய்வகத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். தெர்மாமீட்டர்களைத் துடைத்துப் பஞ்சில் வரிசையாகப் படுக்க வைத்தாள். பிறகு அந்தப் படிவத்தைப் பின்பக்கமாகத் திருப்பி மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்று, சரி. இரண்டு, ஒன்றரை கூட. மூன்று, சரி. நாலு, கொதிநீரில் மட்டும் ஒன்று குறைவு. எதையும் சோதித்துப் பார்க்கத் தேவைப்படவில்லை. முப்பத்தாறுவரை எழுதி முடிக்க இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

மகள் கூப்பிட்டாள்.

"போட்டாராம்மா?"

"இல்லம்மா. அடுத்த வருஷம் கேக்கலாம்."

மகள் மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த வருஷம்னா குழந்தை தவழும்மா" என்றாள். "இருந்தா."

"இருக்கும்" என்றாள் ஐஸ் அக்கா. "நீ எழுந்திருக்காம படுத்திரு. நான் பத்து நாள் விடுப்பு கேக்கறேன்."

"ஏம்மா, உன்ன விட மாட்டேங்கறாங்களே, அப்படி என்னதான் இருக்கு உங்கிட்ட?"

ஐஸ் அக்கா மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமும் அதில் இருந்தது. பக்கத்தில் பாதிகூட நிறையவில்லை.